நாகதம்பிரானைக் குளத்துக் களியில் எழுப்புவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கிளிநொச்சியிலிருந்து சிற்பம் படிக்கும் ஒரு மாணவி இறுதியாண்டு வேலைக்கு "அறிவியல், இயற்கை, சமயம்" என்ற தலைப்பை எடுத்திருக்கிறார். புற்றிலிருந்து நாலடி உயரத்துக்கு எழும் பாம்புத் தெய்வமான நாகதம்பிரான், உடல் டிஎன்ஏ சுருள் போல முறுகி ஏறுகிறது. இது அவருடைய வரைபு. சிமெந்தில் செய்வதா, சுடுமண்ணிலா, தலைப்பிலுள்ள மூன்றையும் ஒன்றாகக் கையாண்ட சிற்பிகளில் யாரைப் பார்க்கலாம், வன்னி மண் இதற்குத் தாங்குமா என்று கேட்கிறார். காட்சி கார்த்திகையில்.

தங்கச்சி, சுடுமண்ணில் செய்யுங்கள். தாங்கும். ஆனால் அந்த டிஎன்ஏ சுருளை எடுத்துவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். சமயத்துக்கு ஒரு நாகம், அறிவியலுக்கு ஒரு சுருள், இயற்கைக்கு ஒரு புற்று என்று வைத்தால் மூன்று அடையாளங்களை ஒட்டியதாகத்தான் இருக்கும். பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் வாசித்துவிட்டுப் போய்விடுவார். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுகூட வளவில் 2004இல் இந்திய அரசு அன்பளித்த இரண்டு மீற்றர் உயர நடராசர் நிற்கிறது. அந்தச் சிலையில் அணுவும் இல்லை, சமன்பாடும் இல்லை. மரபுப்படி வார்த்த ஆடவல்லான்தான். துகள்களை மோதவிடும் இடத்தில் அது நிற்பதே போதுமாக இருக்கிறது. உங்களுக்கு அப்படியொரு இடம் கையில் இல்லை. ஆனால் அதைவிட நல்ல ஒன்று இருக்கிறது: புற்று.

புற்றைப் பாம்பு கட்டுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கறையான் எச்சிலால் மண்ணைக் குழைத்துக் கட்டுகிறது. உள்ளே காளான் வளர்க்கிறது. முதல் மழைக்குப் பிறகு நாங்கள் பிடுங்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான். இலட்சக்கணக்கான உயிர்களும் காளானும் மூச்சுவிடும் இடம் என்பதால் உள்ளே சேரும் காற்று வெளியேறியாக வேண்டும். தென்னிந்தியப் புற்றுகளுக்குள் கருவி வைத்து அளந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. பகலில் வெளிப்புறத்து மெல்லிய புடைப்புகள் முதலில் சூடாகின்றன. அவற்றுக்குள் காற்று மேலேறி, நடுப்புழை வழியே கீழிறங்குகிறது. இரவில் புடைப்புகள் முதலில் குளிர்வதால் ஓட்டம் அப்படியே திசை மாறுகிறது. கைவிட்ட புற்றின் குளிர்ச்சிக்கும் எலிக்குமாக நாகம் வருகிறது. வயலுக்குள் எலி குறைகிறது. கமக்காரன் பால் வைக்கிறான். புதூர் நாகதம்பிரான் பொங்கலுக்குப் போகும் சனத்துக்கு இந்த மூன்றும் வேறுவேறு பாடங்கள் அல்ல. ஆகவே உங்கள் சிற்பத்தின் உடல் புற்றாகவே இருக்கட்டும். உள்ளே நடுப்புழையும் வெளிச்சுவரில் புடைப்புக் குழாய்களும் உண்மையாகவே காற்று ஓடும்படி அமையட்டும். நாகம் உச்சியில் ஒரே படத்தோடு எழும்பினால் போதும். ஐந்து தலையைவிட ஒன்றை ஒழுங்காகச் சுட்டெடுப்பது நல்லது. அதற்கான காரணம் கீழே காயவிடும் இடத்தில் வரும்.

பார்க்க வேண்டிய சிற்பி என்றால் மிருணாளினி முகர்ஜி. 1949இல் மும்பாயில் பிறந்தவர், ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியின் மகள். பரோடாவில் ஓவியம் படித்து, பிறகு கே. ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவியம் படித்தார். 1970களின் தொடக்கத்தில் கயிற்றை எடுத்தார். சந்தையில் கிடைக்கும் நார்க் கயிற்றுக்குச் சாயம் தோய்த்து, தறி எதுவுமில்லாமல், கையால் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு ஆளைவிட உயரமான உருவங்களை எழுப்பினார். ஒன்றுக்கு மாதக்கணக்கில் எடுக்கும், சிலவற்றுக்கு ஒரு வருடமும் போகும். ருத்ரா (1982), யக்ஷி (1984), வனஸ்ரீ (1994) என்று தெய்வப் பெயர்கள். ஆனால் கையில் ஆயுதமில்லை, வாகனமில்லை, முத்திரையில்லை. மடிப்பும் இதழும் துவாரமும்தான். பூவா தெய்வமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் முன்னால் போனவுடன் கருவறை வாசலில் நிற்கும் அடக்கம் வரும். குளக்கட்டு மரத்தடியில் ஒரு கல்லையும் சூலத்தையும் ஐயனாராகக் கும்பிடுகிற ஊர்க்காரருக்கு இது புரியாத விடயமல்ல.

1990களின் நடுவில் நெதர்லாந்தில் ஒரு மட்பாண்டக் கலைக்கூடத்தில் களிக்கு மாறினார். 2000க்குப் பிறகு வெண்கலம். மெழுகைத் தன் கையாலேயே தகடாகத் தட்டி, இலை நரம்பும் பாளையுமாக உருவாக்கி வார்ப்பித்தார். கடைசி ஆண்டுகளில், 2013 முதல் 2015 வரை, பனையினத்து ஓலையையும் பாளையையும் வைத்து "பாம்ஸ்கேப்" என்ற வெண்கல வரிசையைச் செய்தார். வன்னிப் பிள்ளை அதை ஒருமுறையாவது படத்தில் பார்க்க வேண்டும். பனை மட்டையின் அடியில் கருக்கு எப்படி மடிந்து தும்பாகப் பிரிகிறதோ, அந்த இடம் உலோகத்தில் உறைந்து நிற்கும். 2015 பெப்ரவரியில், டெல்லியில் அவருடைய முழு வாழ்நாள் வேலைகளின் காட்சி திறந்த அந்த நாட்களிலேயே காலமானார். 2019இல் நியூயோர்க்கில் மெற் புரொயர் காட்சியகத்தில் பெரிய காட்சி நடந்தது.

அவருடைய வழியில் கற்க வேண்டியது பொருளுக்கு இணங்கிய வடிவம். கயிறு பாரத்தில் தொங்கும், அதனால் கயிற்று உருவங்கள் மடிந்து இறங்கின. களி தகடாக நின்று ஓரம் சுருளும், அதனால் மலராயிற்று. வெண்கலம் மெல்லிய ஓரத்தைத் தாங்கும், அதனால் இலை நரம்பு வந்தது. ஒரே தேடல், பொருள் மாறியபோது உருவமும் மாறியது. நாகத்தைச் சிமெந்தில் முதலில் நினைத்து, பிறகு அதே உருவத்தைக் களியில் பிடித்தால் அது வெடிக்கும்.

அறிவியல் பக்கத்துக்கு அனிஷ் கபூர் 2014இல் கொச்சி பினாலேயில் வைத்த "டிசென்ஷன்" என்ற வேலை ஒன்றைப் பாருங்கள். நிலத்தில் ஒரு வட்டக் குழி, அதற்குள் கருநீர் ஓயாமல் சுழன்று நடுவில் பள்ளமாக இறங்குகிறது. பெயர்ப்பலகை இல்லாமலே பெளதிகமும் பயமும் ஒன்றாக வரும். வேறு பெயர்களைத் தேடி அலைய வேண்டாம், இந்த இரண்டு பேர் போதும்.

இனி மண். கிளிநொச்சி உருத்திரபுரத்தில் பழைய சுடுமண் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. இந்த மண்ணில் இந்த வேலை புதிதல்ல. குளங்கள் வற்றும் ஆடி, ஆவணியில் களி எடுப்பது சுலபம். சிறுகுளமென்றால் கமக்காரர் அமைப்பையும் கமநல சேவை நிலையத்தையும் கேட்டுவிட்டு எடுங்கள். கட்டோரத்தில் தோண்டவே கூடாது. கண்ணிவெடி அகற்றி முடிந்த இடம் என்று உறுதியில்லாத நிலத்தில் ஒரு மண்வெட்டி கூடப் போட வேண்டாம். சூளைக்கும் இதே கதைதான். நிலத்துக்கடியில் கிடக்கும் ஒன்று சூட்டில் வெடிக்கலாம். வீட்டு வளவில் ஏற்கெனவே கிண்டிப் பார்த்த இடத்தில், நிலத்துக்கு மேல் செங்கல் தளம் போட்டே சூளை வையுங்கள்.

மேல்மண் ஒன்றரை அடியை நீக்கிவிட்டு அடியில் உள்ள களியை எடுங்கள். பென்சில் மொத்தத்தில் திரித்து விரலைச் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றினால் பசை போதும். பிறகு போத்தல் சோதனை: மூன்றிலொரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், சில மணிநேரத்தில் படிவது வண்டல், அதற்கும் மேலே தங்குவது களி. மூன்றாவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த மண்ணில் வினாகிரி அல்லது தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. எங்கள் வறண்ட மண்ணில் கடுகளவு, பயறளவு சுண்ணாம்புக் கட்டிகள் சாதாரணம். சூளைக்குள் அது நீறாகும். வெளியே எடுத்த பிறகு ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சிற்பத்தின் முகத்தில் காசு அளவு சில்லாகப் பெயர்த்து எறியும். சுட்ட அன்று ஒன்றும் தெரியாது, ஒரு கிழமையில் அல்லது முதல் மழை ஈரத்தில் தெரியும். அதற்கு மருந்து அரிப்புத்தான். களியை முழுதாகக் காயவிட்டு, உடைத்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். பச்சை ஈரக்கட்டி கரையாது, காய்ந்த கட்டி தானாகவே பொரிந்து கரையும். அந்தக் குழம்பை நுளம்புவலை கட்டிய அரிதட்டில் வடிகட்டி, பழைய சீலை விரித்த செங்கல் தளத்தில் ஊற்றி இறுகவிடுங்கள். தண்ணீர் மழைநீராகவோ குளத்து நீராகவோ இருக்கட்டும். பூநகரிப் பக்கத்து உவர்க்கிணற்று நீர் சுட்டபின் வெள்ளையாகப் பூக்கும்.

முருங்கன் களியைத் தனியே பாவிக்க வேண்டாம். முன்பு காங்கேசன்துறைச் சிமெந்துக்குப் போன அந்தக் கருங்களி ஈரத்தில் ஊதி, வெயிலில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கிற இனம். பசை போதாத மண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நாலடி உருவத்துக்குக் கலவை, வாளிக் கணக்கில்: களி பத்து, இடித்த பழைய ஓடு மூன்று, அரித்த ஆற்றுமணல் ஒன்று, அரை அங்குலமாக நறுக்கிய வைக்கோல் அரை. ஓட்டுத்தூள் மாவாக இருக்கக் கூடாது, அரிசிக் குறுநொய் அளவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே சுட்ட பொருள் இனிச் சுருங்காது என்பதால் முழுச் சுருக்கத்தையும் குறைக்கும். சுவருக்குள் நீராவி வெளியேற வழியும் விடும். கலந்து மிதித்து, பொலித்தீன் மூடி மூன்று கிழமை புளிக்கவிடுங்கள். இதற்கிடையில் 14 சென்ரிமீற்றர் நீளப் பட்டை ஒன்று செய்து அதில் சரியாக 10 சென்ரிமீற்றர் கோடு கீறி, காயவைத்துச் சுட்டு அளந்து பாருங்கள். 9 ஆக வந்தால் சுருக்கம் 10 வீதம். முடிவில் 120 சென்ரிமீற்றர் நிற்க வேண்டுமென்றால் 133இல் கட்ட வேண்டும். 12 வீதத்துக்கு மேல் போனால் ஓட்டுத்தூளைக் கூட்டுங்கள். அடி 60 சென்ரிமீற்றர் அகலம், சுவர் 2.5 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஏறத்தாழ 80 கிலோ ஈரக்களி போகும். கழிவுக்கும் சோதனைக்கும் சேர்த்து 120 கிலோ ஆயத்தம் செய்யுங்கள்.

மூன்று துண்டாகக் கட்டுங்கள். எந்தத் துண்டும் 50 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது. இரண்டு பேர் தூக்கவும் வேண்டும், சூளைக்குள் இறங்கவும் வேண்டும். மூட்டுக் கோடு புற்றின் இயல்பான மடிப்போடு போகட்டும், பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டின் அடியிலும் மணல் தூவிய பலகை வேண்டும். களி சுருங்கும்போது வழுக்கி உள்ளே வர இடம் இருந்தால்தான் அடி வெடிக்காது. கைப்பெருவிரல் மொத்தத்தில் களியை வடமாகத் திரித்து வட்டமாக அடுக்குங்கள். சேரும் இரண்டு முகத்தையும் முள்ளால் கீறி, களிக்குழம்பு பூசி, உள்ளும் புறமும் விரலால் இழுத்து மூடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரம்தான். அதற்கு மேல் ஏற்றினால் அடி வயிறு தள்ளும். வேலையை நிறுத்தும்போது மேல்விளிம்பில் ஈரச்சீலை போட்டுவையுங்கள்.

புடைப்புக் குழாய்களுக்கு வாழைத் தண்டுச் சீவலையோ சுருட்டிய பத்திரிகைத் தாளையோ உள்ளே வைத்து மேலே களி மூடலாம். சூளையில் எரிந்து புழை மிஞ்சும். குழாய் ஒவ்வொன்றும் அடியிலும் உச்சியிலும் நடுப்புழையோடு திறந்திருக்க வேண்டும். திறப்பில்லாத ஒரு புழைக்குள் ஈரம் அகப்பட்டாலும் சூளைக்குள் அந்தப் பக்கம் சிதறலாம். முதலில் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு மாதிரி செய்து சுடுங்கள். காலை வெயிலில் வைத்து, ஊதுபத்திப் புகையை உச்சித் துவாரத்தின் ஓரத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுபடுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்பது ஓட்டத்தைக் காட்டும். பத்தியை உள்ளே நட வேண்டாம், அதன் சொந்தச் சூடே புகையை மேலேற்றி உங்களை ஏமாற்றிவிடும்.

படத்தில்தான் பெரும்பாலான நாகங்கள் உடைகின்றன. படத்தின் ஓரம் மெல்லியது, கழுத்து மொத்தமானது. ஓரம் முதலில் காய்ந்து சுருங்க, கழுத்து இன்னும் ஈரத்தில் நிற்கும். இரண்டும் இழுபட, கழுத்தின் இரண்டு பக்கமும் மயிர்க்கோடு விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீளும். அதற்குக் களிக்குழம்பு பூசி மறைப்பதில் பயனில்லை, சூளையில் திரும்ப வாய்விடும். படத்தை ஒன்றரை சென்ரிமீற்றருக்குக் குறையாமல் பிடித்து, ஓரத்தை உள்ளே சற்று உருட்டி, கழுத்தைக் குடைந்து சுவரை ஒரே கனமாக்குங்கள். ஓரத்தை மட்டும் பொலித்தீனால் சுற்றி, கழுத்து இறுகும்வரை ஈரமாக வையுங்கள். ஐந்து படமென்றால் இந்தப் போராட்டம் ஐந்து மடங்கு.

காய்வதற்கு நிழலில் மூன்று, நான்கு கிழமை எடுக்கும். சோளகக் காற்று ஒரு பக்கமாக அடிக்கும் காலம் அது, ஆகவே காற்றுப் பக்கத்தில் சாக்கு கட்டி, இரண்டு நாளைக்கொருமுறை துண்டுகளைத் திருப்பி வையுங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது.

சூளை உள்ளே 90 சென்ரிமீற்றர் சதுரம், 120 உயரம், ஒரு செங்கல் கனச் சுவர். ஏறத்தாழ 600 செங்கல் வேண்டும். சாந்துக்குக் களிமண்ணும் மணலும்தான், சிமெந்து அந்தச் சூட்டில் பொரிந்து போகும். எதிரெதிரே இரண்டு அடுப்பு வாய், மேலே இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் தளம், அதன்மேல் சிற்பம். வாய் மூட உடைந்த ஓடு. விறகுக்கு மர ஆலைக் கழிவும் பனை மட்டையும் நல்லது, ஒரு லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டி நிறைய வைத்திருங்கள்.

முதல் எட்டு மணிநேரம் புகை மட்டும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. அவசரப்பட்டால் சிற்பம் வெடிக்கும், அது சத்தமாகவே கேட்கும். மேல் ஓட்டு இடைவெளியில் குளிர்ந்த தகரத் துண்டைப் பிடியுங்கள். வியர்த்தால் இன்னும் ஈரம் வருகிறது, தீயைக் கூட்டாதீர்கள். வியர்வை நின்ற பிறகு ஐந்தாறு மணிநேரத்தில் மெல்ல ஏற்றுங்கள். 573 பாகை செல்சியஸில் மணலில் உள்ள படிகக்கல் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். இரண்டு முறையும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்று கவலைப்பட வேண்டாம். பார்வைத் துவாரத்துக்கு நேரே இரண்டு சின்னக் களிச் சட்டி வையுங்கள். ஒன்றில் அலுமினியத் துண்டு, மற்றதில் ஒரு சிட்டிகை ஆனையிறவு உப்பு. அலுமினியம் 660இல் உருகும். உப்பு 801இல் உருகிக் கண்ணாடி போலப் பளபளக்கும். உப்பு உருகிய பிறகு இன்னும் ஒரு மணிநேரம் அதே தீயை விடாமல் எரித்தால் 850 தாண்டும், அது போதும். பிறகு அடுப்பு வாயைக் களி பூசி மூடி, ஒன்றரை நாள் தொடாதீர்கள். இரவே திறந்து பார்க்கும் ஆசையில்தான் பல நல்ல வேலைகள் கீறியிருக்கின்றன.

சோதனைத் துண்டொன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்பாக இருந்தால் வைக்கோலும் மண்ணில் கிடந்த மக்கலும் முழுதாக எரியவில்லை, அடுத்த முறை நடுச்சூட்டில் கூட நேரம் கொடுங்கள். சுண்ணாம்பில் சந்தேகமிருந்தால் சிற்பம் இளஞ்சூடாக இருக்கும்போதே தண்ணீர்த் தொட்டியில் முழுதாக அமிழ்த்தி ஊறவிடுங்கள். நீறு பருக்க முன் கரைந்து போகும். பல இடங்களில் இது காப்பாற்றும். புரட்டாதி நடுவுக்குள் இதெல்லாம் முடிய வேண்டும். மாரி தொடங்கினால் ஒன்றும் காயாது.

கயிறும் வெண்கலமும் பிறகு செய்து பார்க்கலாம். கயிற்றுக்கு, முடிந்த நீளத்தின் ஐந்து மடங்கு வேண்டும். பனந்தும்பு முறைப்பானது, தண்ணீரில் ஊறவைத்தே முடிச்சுப் போடுங்கள், கறையானுக்கு எட்டாமல் தொங்கவிடுங்கள். வெண்கலத்துக்கு மெழுகின் எடையைப் பத்தால் பெருக்கி உலோகம் வாங்க வேண்டும். பழைய தோட்டாக் கோதும் எறிகணைத் துண்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று யார் சொன்னாலும் உருக்க வேண்டாம். வெடிக்காத மிச்சம் இருக்கலாம். பித்தளையில் உள்ள நாகமும் (துத்தநாகம்) 907 பாகையில் கொதித்துப் புகையும், அந்தப் புகை காய்ச்சல் தரும்.

கடைசியாக ஒரு விடயம். இது நாகதம்பிரான், வன்னியில் வைக்கிறீர்கள். காட்சிக்கூடமாக இருந்தாலும் இரண்டாம் நாள் பூ இருக்கும், மூன்றாம் நாள் பால் ஊற்றுவார்கள். கண்மணியை வெட்டுவதா விடுவதா என்பதை ஊர்க் கோயில் ஐயரிடம் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். கண் திறந்த உருவத்தைக் காட்சி முடிய மூலையில் வைக்க முடியாது. 850 பாகையில் சுட்ட மண் தன் எடையில் பத்து வீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். பால் உள்ளே போனால் புளித்து, பூஞ்சணம் பிடித்து, எறும்பு ஏறும், உங்கள் காற்றுப் புழையும் அடைபடும். வேண்டாம் என்று பலகை எழுதி வைக்காதீர்கள். புற்றின் முன்னால், ஒரு முழம் தள்ளி, குழிவான கருங்கல் ஒன்றை வையுங்கள். சனம் பாலைத் தானாகவே அதில்தான் ஊற்றும்.